அமாவாசைச் சப்பாத்தி

செஞ்சி,
அமாவாசைக்கு மறுநாள்.

அன்புள்ள சேரன் அண்ணனுக்கு,

உங்கள் நண்பர் விமல்ராஜின் மனைவி கலைவாணி வணக்கத்துடன் எழுதுவது. அசாமில் குளிர் அதிகமா? இங்கே மாமனார், அத்தை, பிள்ளைகள் எல்லோரும் நலம். என் போனை உங்கள் நண்பர் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம்.

பட்டாளத்தை விட்டு வந்ததிலிருந்து அவருக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. புதிதாக வந்த பால்காரரிடம் ஆதார் கார்டு கேட்கிறார். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தால்தான் சோறு இறங்குகிறது. அவர் ஊரைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன்.

பின்னே என்ன அண்ணா? அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் கோயிலுக்கு என்று கிளம்புவார். திரும்பும்போது நெற்றியில் குங்குமம் இருக்காது. போகும்போது சர்க்கரை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி வேண்டும். வீட்டில் சப்பாத்தியைத் தொடாத மனுஷன்! இன்னா திடீர்னு சப்பாத்தி என்று கேட்டால், பஸ்ல பசிக்குது என்பார். எவளுக்கோ என் கையாலேயே சுட்டு அனுப்புகிறேன் என்று வயிறு எரிந்தது. அத்தையிடம் சொல்லி வீட்டில் ரகளையே செய்துவிட்டேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டு அனந்தபுரத்தில் என் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்றிருந்தேன்.

நேற்று அவர் ஏறியது விழுப்புரம் பஸ். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசலில் நானும் ஏறினேன். தளவானூர் குகைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை. அங்கே யாரும் இல்லை. சப்பாத்தியைப் பிட்டு இலையில் வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டார். கா கா என்று இல்லை. தாண்டவா, சாப்ட வாடா, இன்னும் கோவமாடா என்று கூப்பிட்டார். காக்கை வந்து கொத்தியதும் குந்தி அழுதார். வீட்டில் பூனை நடந்தாலும் எழுந்து பார்ப்பவர், பின்னால் நான் நின்றதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடாமலே வந்துவிட்டேன்.

பெற்றவர்கள் இருவரும் உயிரோடு இருக்கும்போது பிள்ளை இப்படிக் காக்கைக்குப் படைக்கலாமா? அத்தைக்குத் தெரிந்தால் உயிரே போய்விடும். அதற்குப் பயந்து, கெட்ட பெயரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

இப்போது என் சந்தேகமெல்லாம் உங்கள் மேல்தான். நீங்கள் மூன்று பேரும் நிற்கும் போட்டோவில் நடுவில் இருக்கும் தாண்டவராயன் அண்ணன் எங்கே என்று கேட்டேன். வேறு யூனிட்டுக்கு மாற்றல் என்றீர்கள். எல்லையில் ஒண்ணும் நடக்கல தங்கச்சி என்றீர்கள். எத்தனை தரம் கேட்டிருப்பேன், ஏன் அண்ணா பொய் சொன்னீர்கள்? செத்தவருக்கு இவர் மேல் என்ன கோபம்?

எழுத முடியாது என்றால் எழுத வேண்டாம். அடுத்த அமாவாசைக்கு லீவு போட்டு வாருங்கள். அந்தப் பாறையில் அவர் தனியாக நிற்கக்கூடாது. அங்காளம்மன் உங்களையாவது முழுசாக வீட்டுக்கு அனுப்பட்டும். சப்பாத்தி நான் சுட்டுத் தருகிறேன். தாண்டவராயன் அண்ணன் ஒருவருக்குத்தானா, இன்னும் யாருக்காவது சேர்த்துச் சுட வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
கலைவாணி