மூன்று விநாடி சலுகை

செவ்வாய், 11
காலையிலேயே புழுக்கம். துணி காயவில்லை. டெஸ்ட் மறுபடி சிவப்பு, அதாவது ஃபெயில். நேற்று இதே டெஸ்ட் பச்சை. நடுவில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுத ஆள் ஒதுக்கும் செயலி. நிரல் ராகவனுடையது, அதைச் சோதிக்கும் டெஸ்ட் என்னுடையது. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேட்பதுபோல் கேட்டு, வேறு வேறு ஆள் கிடைக்கிறதா என்று பார்க்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ரா. அடையாறிலிருந்து போன். "இன்னொரு தடவை ஓட்டுங்கோ மேடம், பச்சை வந்துடும்."
ஓட்டினேன். வந்தது. எரிச்சல். ஒரு பிள்ளை நாலு தரம் தப்பாகச் சொல்லி ஐந்தாவது தரம் சரியாகச் சொன்னால் மார்க் போடுவேனா?

வாங்க: பல்பு, கண் சொட்டு மருந்து, தேங்காய்.

புதன், 12
ஐந்து ஓட்டத்தில் இரண்டு சிவப்பு. தேங்காய் மறந்தாயிற்று.

செயலியில் ஆள் கேட்கும் பிள்ளைகளில் ஒருத்தி, சைதாப்பேட்டை தேவி, போனில் பேசினாள். போன பரீட்சையில் அவளுக்கு எழுத வேண்டிய பெண்ணை செயலி இன்னொரு பையனுக்கும் ஒதுக்கியிருந்தது. அந்தப் பெண் அவனிடம் போய்விட்டாள். தேவி அரைமணி நேரம் வாசலில்.
"டீச்சர், திங்கக்கிழமைக்கு ஒரு அக்கா பேரு வந்துகீது. போன வாட்டி மாதிரி ஆவாதுல்ல?"
ஆகாது என்றேன். எந்தத் தைரியத்தில்?

வியாழன், 13
வானம் மூடியிருக்கிறது, மழை இல்லை. இருமுறை கரண்ட் போனது.

கண்டுபிடித்தேன். தப்பு என்னுடையது. போன மாதம் டெஸ்ட் தடுமாறியபோது, இரண்டு கோரிக்கைக்கும் நடுவே மூன்று விநாடி இடைவெளி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகும் "எழுதிட்டுக் குடு" என்று விட்டுப் பழகிய கை. அதனால் இருவரும் ஒன்றாகக் கேட்பதே இல்லை. சர்வர் மந்தமான நேரம் மட்டும் முதலாவது முடிவதற்குள் இரண்டாவது வந்து, இருவருக்கும் ஒரே ஆள். டெஸ்ட் நிஜத்தைச் சொன்னது அப்போதுதான். நாங்கள் மறுபடி ஓட்டி அதன் வாயை மூடினோம்.

இடைவெளியை எடுத்தேன். பத்துக்குப் பத்து சிவப்பு. அப்பாடா, நிரலின் பிழை இனி ஒளிய முடியாது.

வெள்ளி, 14
ரா.வுக்குக் கோபம். "நன்னா ஓடிண்டிருந்ததை நோண்டிட்டேளே."
தி.நகர் பஸ்ஸை உதாரணம் சொன்னேன். ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு சீட் பிடிப்போம். உங்கள் நிரல் காலி சீட்டைப் பார்க்கிறது, கர்ச்சீப் போடாமல் சுற்றிவந்து படியேறுகிறது. அதற்குள் இன்னொருவரும் அதே சீட்டைப் பார்த்தாயிற்று.
ரா. நிரலைத் திறந்து பார்த்தார். பிறகு, "கர்ச்சீப் போட்டுடறேன்."

மாலைக்குள் போட்டார்; நிரல் இனி ஆளைப் பார்த்த கணமே பிடித்துவைக்கும். டெஸ்டும் இனி விநாடி எண்ணாது; இரண்டு பதிலும் வரும்வரை நிற்கும். ஐம்பது ஓட்டம், எல்லாம் பச்சை.

பிறகு திங்கட்கிழமைப் பட்டியலைச் சரிபார்த்தோம். தேவிக்கும் வேறொரு பையனுக்கும் எழுத ஒரே பெண்ணின் பெயர். தேவிக்கு வேறு ஆள் மாற்றினோம்.

ஆறு மணிக்கு தேவியின் போன். "டீச்சர், பேரு மாறிக்கீது. அந்த அக்காவுக்கு இன்னா ஆச்சி?"
நடந்ததைச் சொன்னேன்.
"அப்ப இந்த அக்கா எனக்கு மட்டும்தானா?"
பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, உனக்கு மட்டும்தான் என்றேன்.