மார்த்தாளின் கேதம்

டாக்டரம்மா,

நேற்று ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தேன். கை கழுவத் தண்ணீர் கேட்டதும், அந்த வீட்டுக்காரர் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வைத்திருந்த சிவப்புச் சோப்பை எடுத்து நீட்டினார். நனைத்த உடனே நம் ஆஸ்பத்திரியின் அந்தக் கார்பாலிக் வாசம் எழுந்தது. பிரசவம் பார்க்கப் பழக்கிய நாட்களில்போல நீங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. வீடு வந்து சேர்ந்த பிறகும் கையிலிருந்து வாசம் போகவில்லை. உங்களோடு பேசாமல் தூங்க முடியாது என்று தெரிந்துபோயிற்று.

பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை நான். வயிற்றுப் பூச்சியை எடுப்பதுபோல அந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்தவர் நீங்கள்தான். ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் பூட்டிக் கிடக்கும் நம் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால், சாலையின் எதிர்ப்பக்கம் ஒதுங்கித்தான் நடக்கிறேன். நீங்கள் கேட்ட ஒரு கேள்வி இன்னும் அந்த வாசலில் நிற்கிறது.

எங்கள் ஊருக்கு உங்களைப் பற்றித் தெரியாதது ஒன்றுமே இல்லை. அதுதான் கஷ்டம். உங்கள் அமெரிக்கா என்பது லண்டன் துரைமாருக்குச் சொந்தமான ஒரு பெரிய தோட்டம் என்று மணியகாரர் சொல்லிவிட்டார். அங்கே வீட்டுக்கு வீடு மோட்டார் நிற்குமாம். அதனால் நீங்கள் தேய்ந்த செருப்புக்கு அடிதைத்துப் போட்டுக்கொண்டது சுத்தக் கஞ்சத்தனம் என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் தம்பியின் பண்ணை ஏலத்துக்குப் போய்விட்டது என்று நானே சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை. பூனைக்கண்ணில் கண்ணீர் ஊறாது என்றார்கள். பிள்ளைகளுக்குப் பதினாறு வயதானால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களாம். அதற்குப் பிறகு தாயும் மகனும் தெருவில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரவர் வழியில் போய்விடுவார்களாம். இதையெல்லாம் யார் கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

ராமாத்தாள் அக்காவின் மாடு நினைவிருக்கிறதா? கை வீங்கி அவள் உங்களிடம் வந்தபோது, கறக்க ஆளில்லாமல் மாடு கத்திக்கொண்டிருந்தது. நீங்கள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, நுரை பொங்கக் கறந்து கொடுத்தீர்கள்.

“எங்கூட்டுலயும் மாடு இருந்துதுங்க. என்ற அம்மாதான் கறக்கப் பழக்கி உட்டாங்க” என்றீர்கள்.

அக்கா உங்கள் எதிரில் தலையாட்டினாள். திரும்பி வரும் வழியில் என்னிடம், “மிஷன்லயே எல்லாம் பழக்கித்தான் கப்பலேத்துவாங்களாட்ட இருக்குது. வெள்ளைக்காரி ஊட்டுல ஏது மாடு, கண்ணு?” என்றாள். கண்ணால் பார்த்ததையும் நம்பாதவளை என்ன செய்ய?

எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கேதத்துக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். மடங்காத காலை மடக்கி, எங்கள் பெண்களோடு வட்டமாக உட்கார்ந்துகொள்வீர்கள். ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும்போது, ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் செத்தவர்களை நினைத்துத்தான் அழுகிறாள் என்று ஒருமுறை உங்களுக்குச் சொன்னேன்.

“அப்ப தூரத்துல இருக்கறவிகள நெனச்சு நானும் அழுவலாமுங்களா?”

“உசுரோட இருக்கறவிகளுக்கு அழுவக் கூடாதுங்க” என்று அதட்டினேன். நீங்கள் சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். அடுப்புப் புகை பட்டுவிட்டது என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. உங்கள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். சேதி கடல் தாண்டி வருவதற்குள் அங்கே புதைத்த மண்ணும் காய்ந்திருக்கும். படித்துக் காட்டினீர்கள், மடித்து வைத்தீர்கள், காத்திருந்த நோயாளிகளைப் பார்த்து முடித்தீர்கள். நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் வந்தால் ஆஸ்பத்திரிக் கதவு விரியத் திறந்திருந்தது. பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தீர்கள். வாசலில் ஒரு குடம் தண்ணீர், பக்கத்தில் சொம்பு. தலைக்குக் குளித்து, ஈர முடியை விரித்துப் போட்டு, ஒருநாளும் சேலை கட்டாத நீங்கள் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும், “வாரவிக உக்கார இந்தப் பாய் பத்துங்களா? இன்னொண்ணு எடுத்தாரட்டுங்களா?” என்று கேட்டீர்கள்.

எங்கள் வழக்கத்தில் கேதம் சொல்ல வீடு வீடாக ஓர் ஆள் போக வேண்டும். உங்களுக்கு அப்படிப் போக யார் இருந்தார்கள்? முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நானே புறப்பட்டேன். தாலியறுத்தவள் எதிரே வருகிறாளே என்று ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும் என்று நடந்தேன்.

முதலில் ராமாத்தாள் அக்கா வீடு. அவளுடைய குழந்தை செத்தபோது பாயை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தது நீங்கள். அவளே இப்படிச் சொன்னாள்: “அவிகளுக்கு ஏது அம்மணி கேதம்? கோயல்ல மணியடிச்சுப் பாட்டுப் படிச்சா முடிஞ்சுது. நாம போயி ஒப்பாரி வெச்சா அவிகளுக்குச் சங்கட்டமாப் போயிரும்.”

“அக்கா, பாய் விரிச்சுப்போட்டு உக்காந்திருக்கறாங்கக்கா.”

“வேற என்னத்துக்காச்சும் விரிச்சிருப்பாங்க. பதனாறு வயசுலயே முடுக்கி உட்ட தாயிக்கு ஆராச்சும் அழுவாங்களா?”

கெட்ட மனசால் சொல்லவில்லை அவள். உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதையில்தான் சொன்னாள். மற்ற வீடுகளிலும் அதே பேச்சுத்தான். கத்தினேன், கெஞ்சினேன். ஒருத்தி எனக்கு மோர் கொடுத்து, வெயிலில் அலையாதே என்று உட்கார வைத்தாள். அந்த மோரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நான் தனியாகத் திரும்பி வருவதைப் பார்த்தீர்கள். என்னைத் தாண்டிப் பாதையையும் பார்த்தீர்கள். வெயில் இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மில் சங்கு ஊதியது. ஆடுகள் பட்டிக்குத் திரும்பின. அப்போதுதான் கேட்டீர்கள்:

“எனக்கும் ஒரு அம்மா இருந்தாங்கன்னு அவிகளுக்குத் தெரியாதுங்களா?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். இத்தனை வருஷம் எங்களோடு இருந்தும் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்பதுபோல.

“அம்மா பேர் என்னங்க?” என்றேன்.

“மார்த்தா.”

உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “மார்த்தாம்மா, எம்பட தாயே” என்று குரல் எடுத்தேன். ஒப்பாரிக்கு ஒருத்தி பாடினால் இன்னொருத்தி வாங்கிப் பாட வேண்டும். வாங்கிப் பாட ஆளில்லாமல் என் குரல் பாதியிலேயே நின்றுபோயிற்று. உங்கள் உடம்பு மட்டும் என் கைக்குள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பூனைக்கண் என்றார்களே, என் தோள் சேலை முழுக்க நனைந்துவிட்டது, டாக்டரம்மா. பிறகு நீங்களே எழுந்து பாயைச் சுருட்டினீர்கள். மறுநாள் வழக்கம்போல ஆஸ்பத்திரி திறந்தது. அடுத்து ராமாத்தாள் அக்காவின் மாமியார் செத்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவரும் நீங்கள்தான்.

டைபாய்டு உங்களைக் கொண்டுபோனபோது ஊரே திரண்டு டவுன் கல்லறைக்கு வந்தது. ஒப்பாரி வைக்கக் கூடாது என்று மிஷன் பெரியவர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். பெண்கள் எல்லோரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. அன்றைக்கு இதில் நான்கு பேர் வந்திருக்கக் கூடாதா?

அன்றிலிருந்து எந்த எழவு வீட்டுக்குப் போனாலும், என் முறை வரும்போது என் வாயில் உங்கள் அம்மாவின் பெயர்தான் வருகிறது. என் அப்பன், என் புருஷன், எல்லோரும் அதற்குப் பிறகுதான். எங்கள் ஊர் வழக்கப்படி அவர் இப்போது மார்த்தாள் ஆகிவிட்டார்.

போன மாதம் ஒரு கேதத்தில் அப்படி அழுதபோது, என் கழுத்தைக் கட்டியிருந்த ராமாத்தாள் அக்கா, “ஆரு கண்ணு அது மார்த்தாளு?” என்று காதோரமாகக் கேட்டாள்.

“டாக்டரம்மாளப் பெத்த அம்மாக்கா.”

அவள் கை அப்படியே நின்றது. பிறகு, “மார்த்தாத்தா, மாடு கறக்கப் பழக்குன மகராசி” என்று என் குரலை வாங்கிப் பாடினாள். இன்னொருத்தி அதை வாங்கினாள். அவளிடமிருந்து அடுத்தவள் வாங்கினாள். செத்தவர் வீட்டுக்காரர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பும்போது வரப்பு மேல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ராமாத்தாள் அக்கா நின்று திரும்பினாள்.

“அந்தம்மா ஊட்டுல இன்னும் ஆராச்சும் இருக்கறாங்களா அம்மணி?”

“ஒரு மகன் இருக்கறாருங்கக்கா.”

“அமெரிக்கா எத்தன தூரமிருக்கும்? நாம நாலு பேரு போயி எழவு கேட்டுப்போட்டு வரலாமுல்ல?”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “ரொம்பப் பிந்திப்போச்சா கண்ணு?” என்று அவளே கேட்டாள்.