பதினேழு அடிக் கார்

மார்ச் 4
மகளோடு தங்கப் பெரியப்பா வெளிநாடு போகிறார். பன்னிரண்டு வருடம் ஓட்டிய கப்பல் போன்ற காரை என் தலையில் கட்டிவிட்டார். இதை ஓட்டப் பொறுமை வேண்டுமாம், அது எனக்குத்தான் இருக்கிறதாம். பாராட்டா, தப்பித்தலா?

மார்ச் 9
குண்டும் குழியும் இருப்பதே தெரியவில்லை. ஆனால் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது. வேகத்தடையில் வயிற்றைத் தேய்த்துக்கொள்கிறது. திருப்ப ஒரு மைதானம் வேண்டும்.

பிழை திருத்திய மெய்ப்புத் தாள்களைக் கொடுக்கப் பதிப்பகம் போனேன். காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்தார், காலியான பின் இருக்கைக்கு. பிறகு என்னிடம், "ஐயா வரலையாம்மா?"

மார்ச் 15
இரண்டு அறையில் நாலு பேர். அப்பாவின் டிவி, போனிலேயே காப்பீடு விற்கும் தம்பி. தாள்களோடு கீழே போய், காரின் பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். நாற்பது பக்கம் முடிந்தது. இத்தனை வயதில் எனக்கென்று ஒரு அறை! யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 22
குடியிருப்புச் சங்கச் செயலாளர் டேப்போடு வந்தார். கார் நிறுத்த எங்களுக்குள்ள இடம் பதினாறு அடி, கார் பதினேழு. மாத முடிவுக்குள் எடுத்தாக வேண்டும்.

விற்றுத் தொலை என்கிறாள் அம்மா. கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடும் ஒருவர் ஞாயிறு வருகிறார்.

மார்ச் 25
விற்றுவிட்டால் எங்கே போய் வேலை செய்வது? அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள். காருக்குள் குடித்தனமா என்பாள்.

மார்ச் 27
மதியம் இறங்கிப் போனால், பின் இருக்கையில் அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு, மடியில் வாரப்பத்திரிகை. மாற்றுச் சாவியை எடுத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"பத்து நாளா வர்றேன். மருந்துக் கடைக்குன்னு சொல்லிட்டு."

"அப்புறம் ஏம்மா விக்கச் சொன்ன?"

"உனக்குச் செலவாகுதேன்னுதான்." செருப்பைக் காலால் தேடியபடி, "இங்க இருந்தா யாரும் என்னைக் கூப்பிடறதில்ல."

நான் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். இருவரும் படித்தோம்.

மார்ச் 28
வாங்க வந்தவரை அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். "விக்கலைங்க." பிறகு மூன்றாம் மாடி டீச்சரிடம் போனாள். அவருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான். தண்ணீர் பம்பை ஒட்டிய அவருடைய மூலை இடம் பத்தொன்பது அடி. பம்புச் சத்தத்துக்கு வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. அரை மணியில் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். செயலாளரே கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 6
காலை எனக்கு. இரண்டிலிருந்து நாலு அம்மாவுக்கு.

இன்று மூன்று மணிக்கு அப்பா அம்மாவைத் தேடினார். வெளியே போயிருக்கிறாள் என்றேன். இப்போது சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காபித்தூள் தேடிக்கொண்டிருக்கிறார்.