மூன்றாம் ஓலைக்கு முன்

தாராவி, மும்பை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜெயசீலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ராஞ்சியில் உன் உடம்புக்கும் ஊழியத்துக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்து செம்பூர் வேலைக்கு மறுபடி போகிறார், மழை விட்டும் நம் சந்தில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. உபவாசம் என்று போனை அணைத்து வைத்திருக்கிறாய், அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

மூன்று ஞாயிறு சபையில் அறிவிக்கிற உன் கல்யாண ஓலையைப் போன ஞாயிறு ஆலயத்தில் முதல் தடவை வாசித்தார்கள். பெனிட்டா கோவண்டியிலிருந்து புதுச்சேலை கட்டி வந்து தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டு, "உன்னை நினைத்தால் ஜெபத்தில் மனசு நிற்கவில்லை, அப்போஸ்தலன் பவுலைப் போலக் கல்யாணமில்லாமல் இருந்துவிடுகிறேன்" என்று சொல்லியிருக்கிறாய். நீயே விரும்பிக் கேட்ட பெண் அல்லவா அவள்? பவுல் தனிமையை மெச்சினது மெய்தான், ஆனால் அது கட்டளை இல்லை, அவரவருக்குக் கிடைத்த வரம் என்றும் அவர்தானே எழுதினார்? அதே வேதத்தில் இருக்கிற காதல் பாட்டில் ஒருத்தி தன் நேசனைத் தேடி ராத்திரியில் தெருத்தெருவாக அலைகிறாளே, அதை என்ன செய்யப் போகிறாய்? அது கிறிஸ்துவும் சபையும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள், இருக்கட்டும். ஒரு பெண் ஆசைப்படுவது அசிங்கமென்றால் கர்த்தர் அதை உவமைக்குக்கூட எடுத்திருக்க மாட்டார். நானும் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே கீர்த்தனை பாடினவள்தான், என் ஜெபம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். அழவில்லை. "அத்தே, அவுகளுக்கு நிசமாவே அழைப்புன்னா நான் வழிமறிக்க மாட்டேன். மொகத்தப் பாத்துச் சொல்லட்டும். ஆண்டவர எனக்குச் சக்களத்தியா நிறுத்திட்டு ஒளிய வேண்டாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உன்னை ஊழியத்துக்குக் கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை மக்கா, பயந்து ஓடுவதற்கு ஊழியம் என்று பேர் வைத்தால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓலையை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. வருகிற ஞாயிறு இரண்டாவது, அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. அதற்குள் ரயில் ஏறி வா. ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்கும்போது எழுந்து நின்று உன் வாயால் சொல், இல்லையென்றால் அவளைச் சந்தோஷமாகக் கட்டிக்கொள். நீ வராவிட்டால் நான் எழுந்து நிற்பேன். மாப்பிள்ளையின் தாய் ஆட்சேபிக்கிறேன், இந்தப் பெண்ணுக்கு என் மகன் போதாது என்று சபை முன்னால் சொல்லிவிடுவேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துத் தெளிந்த மனசைத் தருவாராக. உபவாசம் முடிக்கும்போது முதலில் கஞ்சி குடி, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே.

உன் அன்புள்ள அம்மா,
ராஜபுஷ்பம்