இராகுகாலத்தால் போன விமானம்

செவ்வாய், இரவு

பலாலியிலிருந்து திருச்சிக்கு ஒரு மணிநேரப் பறப்பு. உரும்பிராயிலிருந்து பலாலிக்கு அரை மணிநேரம்கூட ஆகாது. அண்ணையோ இராகுகாலம் கழியும்வரை ஒன்றரை மணிநேரம் என்னைப் பையோடு விறாந்தையில் இருத்தி வைத்தார். நாங்கள் விமான நிலைய வாசலுக்குப் போய்ச் சேரும்போது விமானம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அடுத்த விமானம் நாளைப் பின்னேரம்தான்.

திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா அழைத்தார். நாளைக் காலையில் அவருக்கு இருதய சத்திரசிகிச்சை.

"தியேட்டருக்குள்ளை போக முன்னம் உன்ரை முகத்தை ஒருக்காப் பாப்பமெண்டு இருந்தனடி."



அண்ணை இப்போதும் பஞ்சாங்கத்தோடுதான் இருக்கிறார். "காலமை நல்ல நேரம்தான், பயப்பிடாதை," என்கிறார்.

நல்ல நேரமாம்! அந்த நேரத்தில் அக்காவின் கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?