அப்பா பிடுங்க மறுக்கும் பல்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்க இந்தத் தடவை கை வரவில்லை, நீயாவது அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. போனில் பேசலாம் என்றால் அப்பா படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார், அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், அண்ணன் போட்டோ எடுத்து அனுப்புவான்.

அப்பாவின் இதய வால்வில் கிருமி தொற்றியது உனக்குத் தெரியும். மருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது, வால்வை மாற்ற ஆபரேஷனும் செய்தாக வேண்டுமாம், ஆனால் கிருமி எந்த வழியாக ரத்தத்தில் கலந்தது என்று பார்த்து ஒழிக்காவிட்டால் புது வால்வையும் பிடித்துக்கொள்ளுமாம். கெட்ட பல்லிலிருந்தும் போகுமாம், வாயைப் பார்க்கணும் என்றார்கள் டாக்டர்கள். இவரோ எனக்குப் பல்வலியே கிடையாது என்று மார்தட்டினார். வாய் முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஒரு குச்சியைக் கடித்தபடி ஆடாமல் இருக்கணும், மெஷின் தலையைச் சுற்றி வரும். காலமெல்லாம் பஸ்ஸில் கத்திய கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா, குச்சியைத் துப்பிவிட்டு, எத்தனை ரவுண்டும்மா வரும் என்று கேட்டு வைத்தார், படம் கலங்கிப்போய் மறுபடி எடுத்தார்கள்.

அதில் தெரிந்துவிட்டது. நீ வெளிநாடு கிளம்பும் முன் பிடிவாதமாகக் கூட்டிப்போய் உறை மாதிரி கேப் போடவைத்தாயே, அந்தக் கடைவாய்ப் பல்லின் வேரடியில் மிளகளவு கருப்பு. சீழாம். நரம்பு செத்துவிட்டதால் வலி தெரியவில்லையாம். கிருமி அங்கேயிருந்து போயிருக்கலாம், பல்லை எடுத்த பிறகுதான் ஆபரேஷன் என்கிறார்கள், இவர் முடியவே முடியாது என்கிறார். நான் திட்டிப் பார்த்தேன், அண்ணன் கெஞ்சிப் பார்த்தான். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பல்லை எடுத்தா சின்னவளுக்குத் தெரிஞ்சிடும், தன்னாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு பிள்ளை உடைஞ்சு போயிடும், அவகிட்ட மூச்சு விடாதே என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பல் டாக்டரிடம் கேட்டேன், கேப் போட்டதில் ஒரு தப்பும் இல்லை, வருஷம் போனபின் உள்ளே வேர் கெடுவது யாருக்கும் வரும் என்றார்.

அழுவதென்றால் இப்போதே அழுது முடித்துவிடு. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டு, எல்லாம் தெரியும்பா, அதைப் பிடுங்கிப் போடுங்க என்று சொல். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன், இனி என்னால் ஆகாது.

நீ நீண்ட ஆயுசோடு இருக்கணும். உன் பல்லையும் ஒரு தடவை காட்டிக்கொள், வலிக்கட்டும் என்று காத்திராதே. அப்பாவிடம் சிரித்த முகமாகப் பேசு, அதைப் பார்த்தால்தான் அவர் வாயைத் திறப்பார்.

உன் போனுக்காக உட்கார்ந்திருக்கும்,
அம்மா