பிரபுவின் டின் கவசம்

12 மே 2003, திங்கள்
வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஜெயங்கொண்டம் பட்டறையில் தலைக்கவசம் வாங்கியாச்சு. எண்ணெய் டின்னை வெட்டி அடித்தது. முகத்தை மூட ஒரு தகடு, கழுத்தில் கொக்கி. மாதா கோயில் திருவிழா நாடகத்தின் பிரெஞ்சுப் பிரபுவுக்கு இது போதும். தாடிக்கு வயது ஐம்பது நாள். ரோசி: "கட்டுன பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியல."

வாங்க: அலுமினியப் பெயின்ட், ஊக்கு, வீசிங் மாத்திரை.

14, புதன்
ஒத்திகை. பிரபு பிறப்பது, பட்டம் கட்டுவது, சிலுவைப் போருக்குக் கிளம்புவது, எல்லாம் சரி. கடைசிச் சண்டைதான் இடிக்கிறது. என்னைக் கொல்லும் தளபதி, என் தம்பி அந்தோணி. சாமியார் வேண்டுமென்றே போட்ட ஜோடி. பொதுக்கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறாகிப் பேச்சு நின்று நாலு வருஷம். தப்பு என் பேரிலும் உண்டு, இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நாலு வருஷத்தில் அவன் என்னிடம் பேசியது இவ்வளவுதான்: "அற்பப் பதரே, உன் ஆயுள் முடிந்தது!" நன்றாக அனுபவித்துச் சொல்கிறான். வாள் மரம்தான். இருந்தாலும்.

18, ஞாயிறு காலை
உயிரோடு இருக்கிறேன். மாதாவே, நன்றி.

நேற்று நாடகம். நல்ல கூட்டம். சண்டையில் வாள் பட்டு முகத்தகடு சடாரென்று மூடிக்கொண்டது. கொக்கி நசுங்கிவிட்டது. உள்ளே பெயின்ட் வாடை, இழுப்பு வந்துவிட்டது. முட்டி போட்டுவிட்டேன். முன்வரிசையில் என் பள்ளிப் பிள்ளைகள்: "வாத்தியாரு என்னமா நடிக்கிறாரு!" கைதட்டல். ரோசியும் தட்டினாளாம். செத்தேன் என்றே நினைத்தேன்.

தளபதி வாளை வீசிவிட்டு ஓடி வந்தான். "டேய், அண்ணனுக்கு வீசிங்டா! ஒத்துங்கடா!" கொக்கியைப் பல்லால் கடித்து இழுத்தான். உதடெல்லாம் ரத்தம். "மூச்ச வுடுண்ணே... மெதுவா... அப்படித்தான்." சின்ன வயதில் எனக்கு இழுக்கும்போதெல்லாம் முதுகு தேய்த்துவிட்டவன். மறந்தே போயிருந்தேன்.

நாடகம் எழுதிய அருள் சார் தலையில் கை வைத்துக்கொண்டு: "பிரபு சாகணும் சார்! சரித்திரத்தையே மாத்திட்டீங்களே!" சாமியார் மைக்கில்: "பிரபு பொழச்சிட்டாரு. மங்களம் பாடுங்க."

19, திங்கள்
தாடி எடுத்தாச்சு. முகம் லேசாக இருக்கிறது. மனசும்.

வயலுக்குப் போனால் என் வாய்க்காலில் தண்ணீர். இன்று அவன் முறை. மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான், உதடு வீங்கி.

"என்னடா இது?"

"கரும்பு காயுதுல்ல."

வாய்க்காலில் அடைத்திருந்த சருகை எடுத்துவிட்டேன்.

"மாத்திரை போட்டியாண்ணே?"

போட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் போட்டேன்.